சர்க்கரை பார்க்கும் மேசையிலேயே ஈறையும் பாருங்கள்

பினாங்கில் இலவச மருத்துவ முகாம் நடத்தும் ஆலய நிர்வாகத்தினருக்கும் பொது இயக்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஜோர்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று தீவிலும் பெருநிலத்திலும் ஆலய மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் நீங்கள் நடத்தும் முகாம்களால், கிளினிக் பக்கமே போகாத பலருக்கு இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் இருப்பது தெரிய வந்திருக்கிறது. அந்த உழைப்பை மதித்தே இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் அதே வரிசையில், அதே மேசையில், ஈறையும் பாருங்கள்.

இப்போது பெரும்பாலான முகாம்களில் சர்க்கரை மேசை ஒரு மூலையில் இருக்கிறது. பல் மேசை என்று ஒன்று இருந்தால் அது இன்னொரு மூலையில். அங்கே பிள்ளைகள்தாம் போகிறார்கள், பிரஷும் பேஸ்ட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். சர்க்கரை 13 மில்லிமோல் காட்டிய ஐம்பது வயது அண்ணனிடம் வாயைத் திறங்கள் என்று யாரும் கேட்பதில்லை. பல் வலித்தால் போய்ப் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறோம். ஈறு நோயோ, பல் ஆட்டம் காணும்வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3% பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4%. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் கடுமையான ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் உங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் கணிசமானோர் இரண்டு நோயையும் சேர்த்தே சுமந்துகொண்டு வருகிறார்கள். ஒன்றுதான் அளக்கப்படுகிறது.

வாய்க்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் தொண்டூழியர்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக, நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் எல்லோருக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் உண்டு. துலக்காமல் விட்ட பற்படலம் அதில் தங்கினால் ஈறு வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுபடும், பள்ளம் ஒரு பையாக ஆழ்ந்து போகும். உள்ளே போகப் போகக் காற்று குறையும். பிராணவாயு பிடிக்காத கிருமிகள் அங்கேதான் குடியேறும். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டேனரெல்லா ஃபோர்சைத்தியா, டிரெபோனீமா டென்டிகோலா என்ற மூன்றும் ஆழமான பைகளில் ஒன்றாகவே காணப்படுவதை 1998இல் சோக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சிவப்புத் தொகுதி என்று பெயர்.

இதில் ஜிஞ்சிவாலிஸ் பொல்லாதது. ஜிஞ்சிபெயின் என்ற நொதிகளைச் சுரந்து, நம் உடம்பு கிருமியைக் கொல்ல அனுப்பும் புரதங்களை அது துண்டு துண்டாக்கிவிடும். இரத்தத்தில் இருக்கும் ஹீம் என்ற இரும்பு கொண்ட பொருளிலிருந்துதான் தனக்கு வேண்டிய இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, ஈறில் வடியும் இரத்தம் நோயின் அடையாளம் மட்டுமன்று, அந்தக் கிருமிக்கு அதுவே தீனியும்கூட.

ஒரு பல்லைச் சுற்றிய பை சிறியதுதான். நோய் முற்றிய ஒருவரின் எல்லாப் பைகளின் உட்சுவரையும் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஒரு புண் காலில் இருந்து, தொட்டாலே இரத்தம் வந்தால், நீரிழிவுக்காரரை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவோம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

அந்தப் புண்ணின் வழியே கிருமிகளும் அவற்றின் மேல்தோலில் இருக்கும் நச்சுப்பொருளும் இரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு அதற்குப் பதிலாக டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு செல்லின் மேல் வந்து ஒட்டியதும், சர்க்கரையை உள்ளே எடு என்ற செய்தி செல்லுக்குள் போக வேண்டும். டிஎன்எஃப்-ஆல்ஃபா அந்தச் செய்தியை ஏந்திச் செல்லும் புரதத்தையே முடக்கிவிடுகிறது. இன்சுலின் இருக்கும், வேலை நடக்காது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். இதற்கு இன்னொரு வழியும் இருக்கலாம். ஜப்பானின் நீகாத்தா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஜிஞ்சிவாலிஸை வாய் வழியாகக் கொடுத்தபோது, குடலில் வாழும் கிருமிகளின் கலவை மாறி, இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாத நிலை வந்ததை 2014இல் வெளியிட்டார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் நாள் முழுவதும் எச்சிலோடு எதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அது யோசிக்க வைக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் கிருமியை விரட்டிப் பிடிப்பதில் மந்தமாகின்றன. சர்க்கரை ஒட்டிக்கொண்ட புரதங்கள் ஈறில் சேர்ந்து அழற்சியை அணையாமல் வைத்திருக்கின்றன. புண் ஆறுவது தாமதமாகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1993இலேயே ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, கால் ஆகியவற்றுக்கு நம் முகாம்களில் இடம் கிடைத்துவிட்டது. ஈறு இன்னும் வெளியே நிற்கிறது.

சரி, ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரை இறங்குமா? இறங்கும், ஓரளவுக்கு. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று 2022இல் வந்தது. அதில் 30 ஆய்வுகளில் இருந்த 2,443 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஈறு சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 3, 4 மாதங்களில் 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 264 பேரை 12 மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில், தீவிரமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் மேலோட்டமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கும் இடையே 0.6 புள்ளி வித்தியாசம் இருந்தது. பொதுவாக இரண்டாவதாக ஒரு நீரிழிவு மாத்திரையைச் சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட இது வருகிறது. பிரிட்டனின் நெடுங்கால நீரிழிவு ஆய்வில், எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைந்தபோது சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37% குறைந்து காணப்பட்டன. அதனால் அரைப் புள்ளி என்பது அற்பமான விஷயமன்று.

பலன் இல்லை என்று முடிந்த ஆய்வும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்தது. ஆனால் அதில் சிகிச்சைக்குப் பிறகும் பற்படலமும் இரத்தக்கசிவும் பெருமளவுக்கு அப்படியே நின்றன. ஈறு ஆறாதபோது சர்க்கரை இறங்கவில்லை என்பதில் வியப்பில்லை. எங்களைப் பொறுத்தவரை இதில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது. பேருக்கு ஒரு ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுப்பது) போதாது. இரத்தம் நிற்க வேண்டும், பையின் ஆழம் குறைய வேண்டும். மெட்ஃபோர்மினையும் இன்சுலினையும் நிறுத்திவிட்டு ஈறை மட்டும் கவனித்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இனி, முகாமில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம்.

முதலில் சர்க்கரையைச் சரியாக அளக்க வேண்டும். ஆலய மண்டபத்தில் காலையிலேயே கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் பரிமாறியிருப்பீர்கள். அந்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினால், தோலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து அளவு ஏறிக் காட்டும். ஸ்பிரிட் சர்க்கரையை முழுவதுமாக எடுக்காது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்த பிறகு குத்துங்கள். குழாய் பக்கத்தில் இல்லாவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் தாளில் எழுதுங்கள். நேரம் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வரிசையில் நிற்கும்போதே தொண்டூழியர் ஒருவர் சில கேள்விகள் கேட்கலாம். பல் துலக்கித் துப்பும்போது நுரை சிவந்து வருகிறதா? அடிபடாமல் தானாகவே பல் ஆடி விழுந்திருக்கிறதா? முன்பற்கள் முன்பைவிட நீளமாகவோ விலகியோ தெரிகின்றனவா? கடைசியாக எப்போது ஸ்கேலிங் செய்தீர்கள்? புகை, வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உண்டா? இரத்தம் வருகிறதா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். இரத்தம் வருகிற பக்கத்தில் பிரஷ் போடுவதையே அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். ஆகவே எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரே பக்கம் என்றால் மறுபக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். புகைபிடிப்பவருக்கு இரத்தக்குழாய்கள் சுருங்கி இருப்பதால், பை ஆழமாக இருந்தாலும் இரத்தம் குறைவாகவே வரும். அவர் இல்லை என்று சொன்னாலும் பல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, கண்ணால் பார்ப்பது. நெற்றியில் கட்டும் விளக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வாய்க்கண்ணாடி, ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை. பயிற்சி பெற்ற தாதியரோ பல் மருத்துவ மாணவரோ இதைச் செய்யலாம். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை முதலில் பாருங்கள். நாக்குக்குக் கீழே எச்சில் ஊறும் இடம் என்பதால் காரை அங்கேதான் மதில் கட்டியதுபோல் படிந்திருக்கும். பிறகு மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். புத்தகப் படங்களில் நோயுள்ள ஈறு சிவப்பாக இருக்கும். நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே பழுப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதால் சிவப்பு எளிதில் தெரியாது. நிறத்தை நம்பாமல் விளிம்பைப் பாருங்கள். நல்ல ஈறின் விளிம்பு கத்தி முனைபோல மெலிந்து பல்லோடு ஒட்டியிருக்கும். நோயுற்ற ஈறு உருண்டு திரண்டு, மினுமினுத்து, பல்லை விட்டு விலகி நிற்கும். கையுறை விரலால் மெல்ல அழுத்தினால் சீழ் வருகிறதா என்று பாருங்கள்.

ஈறு மொத்தமாகத் தடித்துப் பல்லின் பாதியை மூடியிருந்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்கு ஈறை இப்படி வளர வைக்கும். மாத்திரையை அவராகவே நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவது மருத்துவரின் முடிவு.

பையின் ஆழத்தை அளப்பது பல் மருத்துவரின் வேலை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் கருவி ஒன்று போதும். நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை, அதற்கு மேல் 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை ஒரு கறுப்புப் பட்டை. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் அதை நடத்திக்கொண்டு போக வேண்டும். அழுத்தம் 20 முதல் 25 கிராம், அதாவது கட்டைவிரல் நகத்தடியில் வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு. கறுப்புப் பட்டை முழுவதும் வெளியே தெரிந்தால் பை இல்லை. பாதி மறைந்தால் 4, 5 மில்லிமீட்டர். பட்டை முழுதாக ஈறுக்குள் இறங்கிவிட்டால் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. கருவியை எடுத்த சில நொடிகளில் விளிம்பில் ஒரு சொட்டு இரத்தம் திரண்டு நிற்பதைக் கைக்கண்ணாடியில் அவருக்கே காட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சைவிட அது புரிய வைக்கும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்பு இதய உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவர்களுக்கும் முகாமில் இந்தக் கருவியைப் போட வேண்டாம், நேரே கிளினிக்குக்கு அனுப்புங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரைப் பற்றிப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீரிழிவே இல்லை என்று சொல்பவரின் வாயில் பல இடங்களில் ஆழமான பையோ அடிக்கடி சீழ்க்கட்டியோ இருந்தால், அவரைச் சர்க்கரை மேசைக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒரே மேசை என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

முகாமிலேயே ஸ்கேலிங் செய்துவிடலாம் என்ற யோசனை சில இடங்களில் வருகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். எக்ஸ்ரே இல்லாமல், மரத்துப்போகும் ஊசி இல்லாமல், அவசரத்தில் மேலே தெரியும் காரையை மட்டும் எடுத்தால் ஈறின் வாய் இறுகி மூடிக்கொள்ளும். ஆழத்தில் விட்ட காரையும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுச் சீழ்க்கட்டி வரலாம். சர்க்கரை கூடியவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முகாம் தர வேண்டியது ஒரு தாள். சர்க்கரை அளவு, சாப்பிட்ட நேரம், தெரிந்தால் கடைசி எச்பிஏ1சியும் அதன் தேதியும், மருந்துகளின் பெயர், புகை மற்றும் வெற்றிலைப் பழக்கம், ஆறு பகுதிகளின் ஈறு அளவு. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி இரண்டு படிகள் கொடுங்கள். ஒன்று அரசாங்கப் பல் கிளினிக்குக்கு, மற்றொன்று நீரிழிவுக்குப் போகும் சுகாதார கிளினிக்குக்கு. வெறுமனே பல் டாக்டரைப் பாருங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் போக மாட்டார்கள். முடிந்தால் அங்கேயே தொலைபேசியில் நாள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆன, குறைந்த வருமானக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அரசாங்கத்தின் பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்குத் தகுதி பெறுகிறாரா என்றும் பாருங்கள்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது. பயம்தான் பலரைத் தடுக்கிறது. ஈறுக்கு மேலே உள்ள காரையை எடுத்த பிறகு, மரத்துப்போக ஊசி போட்டுப் பைக்குள் வேரின் மேல் ஒட்டியதையும் சுத்தம் செய்வார்கள். இரண்டு முதல் நான்கு தடவை போக வேண்டியிருக்கும். 8 முதல் 12 வாரம் கழித்து மறுபடியும் அளந்து பார்ப்பார்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காலையில் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஊசி போடுவார்களே என்று வெறும் வயிற்றில் இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு போனால், நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரியவர்கள் காரணமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. எலும்பு கரைந்த பிறகு பற்களைக் கட்டிப் பிடித்திருந்தது காரைதான். அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றியதும் ஈறு இறங்கி இடைவெளி தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் நிற்க மாட்டார்கள். ஊசியும் காரை எடுப்பதும் வேண்டாம், ஆன்டிபயோடிக் மட்டும் கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. காரையின் மேல் படலமாக ஒட்டியிருக்கும் கிருமியை மாத்திரையால் மட்டும் அழிக்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் தினமும் வேண்டும். மென்மையான பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து, சிறு அசைவாக, காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1450 பிபிஎம் அளவில் இருக்கட்டும். பல்லிடுக்குக்குள் போகும் குட்டி பிரஷை மறக்க வேண்டாம், நீரிழிவுக்காரருக்கு அதுவே பெரிய ஆயுதம். இடுக்கில் சற்று இறுக்கமாக நுழைய வேண்டும், திணிக்கக் கூடாது. ஒருவருக்கே இரண்டு, மூன்று அளவு தேவைப்படலாம். முதல் வாரம் இரத்தம் வரும், அதைக் கண்டு நிறுத்திவிட்டால் நோய்தான் ஜெயிக்கும். கரித்தூளும் கல்லுப்பும் பல்லைத் தேய்த்துவிடும். எண்ணெய் கொப்பளிப்பவர்கள் கொப்பளிக்கட்டும், ஆனால் எண்ணெய் பைக்குள் இறங்காது. குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவியை மருத்துவர் சொன்ன இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். எல்லாப் பல்லும் போய்ப் பல்செட் போட்டவர்களுக்குப் பை கிடையாது, அவர்களுக்குப் பூஞ்சைப் புண் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பல்செட்டை இரவில் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

முகாமில் கொடுக்கும் சாப்பாட்டையும் கொஞ்சம் யோசியுங்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மேசையில் கெட்டிப்பால் போட்ட தேநீரைக் கொடுப்பது மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறது.

கடைசியாக, மூன்று மாதக் கணக்கு. எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. ஈறு சிகிச்சை முடிந்த மறுவாரமே பார்த்தால் மாற்றம் தெரியாது. கடும் இரத்தச்சோகையோ தலசீமியாவோ இருந்தால் அந்த எண்ணையே நம்ப முடியாது, விரல்குத்துக் கணக்கைத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கித் தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒருமுறை கூப்பிட்டு, பல் கிளினிக்குக்குப் போனாரா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்: வேலையில் விடுப்பு கிடைக்கவில்லையா, கூட்டிப்போக ஆள் இல்லையா, பயமா. ஆள் இல்லையென்றால் உங்கள் இளைஞர் பிரிவில் கார் வைத்திருக்கும் ஒருவர் போதும். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொரு முறை கூப்பிட்டு, புது எச்பிஏ1சியைப் பழையதன் பக்கத்தில் எழுதுங்கள். நூறு பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை போடுவதைவிட, எத்தனை பேருக்கு ஈறில் இரத்தம் நின்றது, எத்தனை பேருக்கு எண் இறங்கியது என்ற கணக்கு உங்கள் ஆண்டுக் கூட்டத்தில் வைக்கத் தகுந்தது.

அடுத்த முகாமுக்குத் தேதி குறித்ததும், குறைந்தது ஆறு வாரம் முன்னதாக எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பல் மருத்துவர்களை ஏற்பாடு செய்வதும், தாளை அச்சடித்துக் கொடுப்பதும், தொண்டூழியர்களுக்கு ஒரு மாலைநேரப் பயிற்சி அளிப்பதும் எங்கள் பொறுப்பு.

இங்ஙனம்,
பினாங்கில் பல் மருத்துவத்திலும் நீரிழிவுப் பராமரிப்பிலும் பணிபுரியும் தமிழர்கள்